மாப்பிள்ளைக்கு விழுந்த அடி

கூடத்தில் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும், மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருகு திருகினார் பெரிய இன்ஜினியர். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. உடம்பு மட்டும் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

அவருக்கு ஆத்திரம் தீரவில்லை. முழங்கையிலும் ஒன்று வைத்தார்.

மாப்பிள்ளை என்றால் பெண் கொடுத்த மாப்பிள்ளை அல்ல; தொழிற்சாலையின் புது ரோபோக் கை. அதற்குப் புரோகிராம் எழுத வந்த இன்ஜினியரம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். ஆனாலும் புதிதாய்ச் சேர்ந்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் ‘புதுப்பொண்ணு’. அவள் எந்நேரமும் பக்கத்திலேயே நின்றதில் கைக்கு மாப்பிள்ளைப் பட்டம் கிடைத்தது.

பெரிய இன்ஜினியரிடமும் இதேபோல் ஒரு கை இருந்தது. கையை ஆடாமல் நிறுத்துவதுதான் இருவருக்கும் தொழில். எங்கே இருக்கிறோம், எங்கே இருக்க வேண்டும் என்று கணத்துக்குக் கணம் பார்த்து, விலகினால் கை தன்னைத்தானே திருத்திக்கொள்ள வேண்டும். பெரியவரின் புரோகிராம் சொன்ன எடையைச் சொன்னபடி தூக்கும். எடை மாறினால் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும். புதுப்பொண்ணு எழுதியதோ, படுகிற பாட்டிலிருந்தே பாடம் கற்று, தன் கணக்கைத் தானே மாற்றிக்கொள்ளும் என்றார்கள். மூட்டையைத் தொட்டதுமே எடை சொல்கிற சந்தைக் கில்லாடி மாதிரி.

என்றார்கள், அவ்வளவுதான். அதற்குள் பெரியவர் மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த மேனேஜர், கிளாஸும் கையுமாக அந்தப் பக்கம் குடிபோய்விட்டார். துறைத் தலைவர் நாற்காலி வேறு காலியாக இருந்தது. பெரியவர் மனசுக்குள் அதில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுப் பார்த்தே பல வருஷமாகிறது. கண்ணாடி ஜாடிக் கம்பெனி முதலாளி வந்து யார் கையை வாங்குகிறாரோ, அவருக்குத்தான் நாற்காலி என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஸ்டோர்காரர் தன் பங்குக்குப் புண்ணைச் சொறிந்துவிட்டார். “மாப்பிள்ளை உபசாரமெல்லாம் அந்தப் பக்கம்தான் சார். நாமல்லாம் கல்யாணம் முடிஞ்சு நாற்காலி மடிக்கிற கோஷ்டி.”

ஒருநாள் புதுப்பொண்ணு மேனேஜரிடம் உதவிக்கு ஓர் ஆள் கேட்டாள். மேனேஜர் பெரியவரைப் பார்த்தார். தன்னிடம் இருப்பவர்களுக்கே மூச்சுவிட நேரமில்லை என்று பெரியவர் கையை விரித்தார். அன்றைக்கு அவருக்குச் சர்க்கரை போடாத டீயும் இனித்தது.

ஆனாலும் பயம் விடவில்லை. அப்போதுதான் யோசனை உதித்தது. தானே கற்றுக்கொள்கிற எதையும் தப்பாகவும் பழக்கலாமே? காரணமில்லாமல் இடித்தும் இழுத்தும் வைத்தால், கணக்கெல்லாம் குழம்பி, முதலாளி வருகிற அன்று பேயாட்டம் ஆடிவிடும்.

புதுப்பொண்ணு சாப்பிடப் போகும்போது மாப்பிள்ளையை அணைப்பதே இல்லை. அது வசதியாகப் போயிற்று. முதல் நாள் பெரியவர் வெறுங்கையால் திருகினார். மறுநாள் அவள் மேசையில் ஒரு பை நிறைய போல்ட் கிடந்தது. மணிக்கட்டில் மாட்டி ஆட்டினார். அப்புறம் ஒரு கயிறு கிடந்தது, கட்டி இழுத்தார். பிறகு ஒரு மரச்சுத்தி.

எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதவளுக்குத் தலைவர் நாற்காலி ஒரு கேடா என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். கொண்டுபோன சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. உடம்புக்கு என்ன என்று மனைவி கவலையோடு கேட்டாள்.

முதலாளி வந்தார். வாழ்நாளெல்லாம் பேரம் பேசிப் பழுத்தவர். விற்பவன் காட்டுகிற பக்கத்தைத் தவிர மற்ற பக்கமெல்லாம் பார்ப்பவர். பெரியவரின் கை காலி ஜாடியை அழகாகத் தூக்கியது. முதலாளி பக்கத்திலிருந்த சொம்பைச் சாய்த்து அதில் தண்ணீரை ஊற்றினார். கை வெடவெடத்து, ஊற்றியதில் பாதியை அவர் சட்டைக்கே திருப்பிக் கொடுத்தது.

அடுத்தது மாப்பிள்ளை. பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பேயாட்டத்துக்காகக் காத்து நின்றார்.

விளிம்புவரை தண்ணீர் நின்ற ஜாடியைத் தூக்கியது மாப்பிள்ளை. முதலாளி லேசில் விடுகிறவரா? தன் கைப்பையை மணிக்கட்டில் மாட்டினார். கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். போதாதென்று முழங்கையில் ஒரு குத்தும் விட்டார். ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளை லேசாகத் தாழ்ந்து, இதெல்லாம் தனக்குப் பழகிப்போனதுதான் என்பதுபோல் நிமிர்ந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“இந்த அளவுக்கு அடி தாங்கணும்னா, எத்தனை பேரை வெச்சு இடிச்சுப் பழக்கினீங்கம்மா?”

“ஒரே ஒருத்தர்தான் சார். ரொம்ப அக்கறையானவர்.”

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். அவர்தான் ஆளே கொடுக்கவில்லையே. பெரியவருக்கு ரத்தம் கொதித்தது. தனக்குத் தெரியாமல் அவளுக்கு ஒத்தாசை செய்த அந்தக் கருங்காலி எவன் என்று தன் ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் துழாவினார்.

முதலாளி அங்கேயே இன்னொரு கைக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தார். மேனேஜர் நாற்காலியைத் துடைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். கூட்டம் கலைந்தபின், புதுப்பொண்ணு மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தணித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்.

“ரெண்டாவது மாப்பிள்ளை நாளைக்கு வர்றான் சார். சாப்பிடப் போறப்ப மேசையில எதை வெச்சுட்டுப் போகட்டும்?”