முப்பது கவர்

"முப்பது செடியில எடுக்கச் சொன்னா, முப்பது கவர்லயும் ஒரே செடியோட புல்லு! ஒரே இடத்துல உட்கார்ந்து பிடுங்கிட்டு வந்துட்டீங்களா?"

மரபணுச் சோதனை முடிவை நீட்டினாள் தாவர ஆராய்ச்சியாளரான மனைவி. தன் கால் பிசகியிருந்ததால், கடற்கரைக் காட்டுப்புல் சேகரிக்கத் தபால்காரக் கணவரை அனுப்பியிருந்தாள்.

"நீ சொன்னபடி நூறடிக்கு ஒண்ணுதான் எடுத்தேன்."

"கவர்ல சேகரித்தவர்னு என் பேரு இருக்கு. ஆபீஸ்ல என் மானமே போச்சு!"

"இருபது வருஷத்துல ஒரு கடுதாசியை வீடு மாத்திப் போட்டவன் இல்ல நான். ஏறு வண்டியில!"

கடற்கரையில், புல் பிடுங்கிய இடந்தோறும் அவர் எண் எழுதி நட்ட குச்சிகள் அப்படியே நின்றன. நூறடிக்கு ஒன்று. முப்பதாவது குச்சி, தூரத்துக் கலங்கரை விளக்கத்தின் காலடியில்.

அவள் கடைசிக் குச்சி வரை கண்ணாலேயே எண்ணினாள்.

"அப்படின்னா... இந்தக் கரை முழுக்க, மண்ணுக்கடியில ஓடிப் பரவின ஒரே செடிதாங்க! இவ்வளவு பெரிசு எங்க ஆபீஸ்ல யாரு கண்ணுலயும் பட்டதில்ல!"

"ஒரே விலாசத்துக்கா முப்பது கவர்?" என்று சிரித்தார் கணவர்.

அவள் தன் ஆராய்ச்சி நிலைய இயக்குநரைப் போனில் அழைத்தாள்.

"சார், கவர்ல இருக்கிற என் பேரை அடிச்சிடுங்க. சேகரிச்சது என் வீட்டுக்காரர்!"