புளுகுமூட்டை வீட்டுக் குழாய்

குழாயின் வாயில் எதற்காக நீலத் துணி கட்டியிருக்கிறது என்பதுதான் அவளுக்கு விளங்கவேயில்லை.

விரல் அகலத்துக்கு ஒரு கீற்று. தையல்காரி மிஷினை மிதித்துக்கொண்டே அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தாள்.

"ஆபீஸ்லேர்ந்தா? துணி தைக்கக் குடுக்காம என்னத் தேடி வந்த மொத ஆளு நீதாம்மா. உக்காரு."

உட்கார்ந்தாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்த ஊரின் தண்ணீர்ச் செய்தியை உருவாக்கியவள் அவள்தான். பெரிய போன் வேண்டாம், பட்டன் போன் போதும். தண்ணீர் வருகிறது என்று யாராவது 1 அனுப்பினால், அடுத்த நிமிடம் ஊரின் முந்நூறு போன்களுக்கும் செய்தி பறக்கும். அரை மணி கழித்து, 'உங்கள் வீட்டில் தண்ணீர் வந்ததா?' என்று எல்லாரையும் கேட்கும். வந்தால் 1, வராவிட்டால் 2.

இந்த வீட்டு போன் எண் மட்டும் தினமும் முந்திக்கொண்டு 1 அனுப்பும். அரை மணியில் கொஞ்சமும் கூசாமல் 2 அனுப்பும்.

அலுவலகத்தில் அந்த எண்ணுக்கு வைத்த பெயர் புளுகுமூட்டை.

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள அந்தப் புளுகுமூட்டையத் தூக்கிடு," என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அந்த எண் போய்விடும். ஆனால் ஒரு விஷயம் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் விடும் நேரம் தினமும் மாறும். அப்படியும் புளுகுமூட்டை 1 அனுப்பிய கால் மணியில் ஊருக்குத் தண்ணீர் வந்துவிடும். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

புளுகுகிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் இரண்டு பஸ் மாறி, மூச்சிரைக்க மேடேறி, தெருவின் கடைசி வீட்டுக்கு வந்திருந்தாள்.

துணி லேசாக அசைந்தது.

தையல்காரியின் கால் நின்றது. போனை எடுத்தாள். 1.

குழாய் உஸ்ஸென்றது. துணி படபடத்தது.

"காத்துதாம்மா. கீழ தண்ணி விட்டா, குழாய்ல இருக்கற காத்தெல்லாம் மேல ஓடியாரும். மிஷின் சத்தத்துல காதுல விழாதே, அதான் துணிய கட்டி வெச்சேன்."

அடேயப்பா! இவ்வளவுதானா? ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் செய்தது, இங்கே ஒரு துண்டுத் துணிக்கு அப்புறம்தான் வேலை செய்கிறது.

அவள் போனிலும் செய்தி மணி அடித்தது. ஜன்னலுக்குக் கீழே கதவுகள் திறந்தன. குடங்கள் மோதின. யாரோ யாரையோ, "அடியே, பைப்பத் தொற!" என்று கத்தினார்கள்.

அவளும் குஷியாக எழுந்து, மூலையில் இருந்த குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

தையல்காரி பார்த்தாள். மிஷின் மறுபடி ஓடியது.

கீழே குழாய்களில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. இங்கே துணி படபடத்தது, அசைந்தது, பிறகு தொங்கியது.

அவ்வளவுதான். அவள் குனிந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

அரை மணியானதும் தையல்காரியின் போன் வழக்கமான கேள்வியைக் கேட்டது. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, 2 அழுத்தினாள்.

"தெனம் கேக்கறீங்க. நானும் தெனம் சொல்றேன்."

குரலில் குறையே இல்லை. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கீழ கூட்டம் கொறஞ்சிருக்கும். வர்றியா?"

"இந்தத் துணிய எப்பக்கா கட்டினீங்க?"

"போன வருசம். நீங்க இந்த மெசேஜ் ஆரம்பிச்சீங்களே, அன்னிக்கு."

அவள் தன் போனில் 'புளுகுமூட்டை' என்ற பெயரை மட்டும் அழித்தாள். எண்ணைத் தொடவில்லை.

பிறகு துணியை விரல்களுக்கிடையில் வைத்து மெல்லக் கசக்கிப் பார்த்தாள்.

ஒரு வருடம் குழாய் வாயில் தொங்கியும், புதுத் துணியின் மொடமொடப்பு இன்னும் அப்படியே இருந்தது.