யார் பேரில் ஓடுவது?

"என்னோடது இருக்கட்டும் தம்பி. அவளோடதைத் தூக்கிடுங்க," என்றாள் மூத்த மருமகள்.

"ஏன், அக்கா பேர்ல ஓடினாத்தான் ஓடுமா? அவங்களோடதை எடுங்க. என்னோடது இருக்கட்டும்," என்றாள் இளையவள்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மாடியில் வீடு, கீழே மருந்துக் குடோன். ஊசி மருந்து இருக்கும் குளிர் அறையை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர்தான் கண்காணிக்கிறது. நேற்று அறையில் சூடு ஏறியும் அது வாயே திறக்கவில்லை. ஒரு பெட்டி மருந்து பாழ். இன்றும் சரியாகவில்லை என்றால் மிச்சமும் குப்பைக்குத்தான்.

கோளாறு என்ன என்று கண்டுபிடித்துவிட்டான். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும், கண்காணிக்கும் சர்வீஸ் புரோகிராம் ஒன்றே இரண்டு தடவை கிளம்புகிறது. மூத்தவள் பேரில் ஒன்று, இளையவள் பேரில் ஒன்று. சூட்டை அளக்கும் சென்சாரை ஒரு நேரத்தில் ஒன்றுதான் படிக்க முடியும். இரண்டும் முட்டி மோதிப் படுத்துவிடுகின்றன.

ஒன்றை நிறுத்திப் பார்த்தான். கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்ததும் அது எழுந்து வந்துவிட்டது. ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, தானாகவே தொடங்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள்.

"ரெண்டுல ஒண்ணை அடியோட எடுத்தாத்தான் விடிவு. யாரோடதை எடுக்கட்டும்?"

"அவளோடதை."

"அக்காவோடதை."

"சரி, பொதுவா ஒண்ணு போட்டு, ரெண்டு பேருக்கும் சேர்த்து வச்சிடவா?"

"வேண்டாம்!"

இதில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை.

ஓரகத்திச் சண்டைக்குக் கம்ப்யூட்டர்கூடவா தப்பாது என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. மருந்து வீணாகிறதே என்ற கவலை ஒருத்திக்கும் இல்லை!

"ஏங்க, இப்படி மல்லுக்கு நிக்கிற அளவுக்கு இதுல என்னதான் கிடைக்குது?"

"என்ன கிடைக்கும்? தூக்கம்தான் கெடும்," மூத்தவள் வெடித்தாள். "அறை சூடாச்சுன்னா, யார் பேர்ல ஓடுதோ அவங்க போன்தான் நடுராத்திரியில அலறும். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு இவ கண்ணை மூடுறதே கொஞ்ச நேரம். அதையும் கெடுக்கணுமா?"

இளையவள் விடுவாளா?

"ஓஹோ! அதுக்காக, முழங்கால் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க ராத்திரியில தடதடன்னு படியிறங்கி ஓடணுமாக்கும்?"