பரண் மேல் ஆம்பளைக் குரல்

மிளகுத் தோட்ட வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கேரளாவிலிருந்து சந்திரன் ஜவ்வாது மலைக்குத் திரும்பியிருந்தான். வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நின்று மனைவியிடம் கத்தினான்.

“ஈஸ்வரி! பொழுது சாய்ஞ்சா நம்ம சாமைக் கொல்லைப் பரண்ல ஆம்பளை கொரல் கேக்குதுன்னு பக்கத்துக் கொல்லைக்காரன் போன்ல சொன்னான். நான் நம்பல. இப்ப வர்ற வழியில நானே கேட்டேன்.”

“இன்னாய்யா கேட்ட?” ஈஸ்வரி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

“கரகரன்னு கத்துறான். நடுவுல இருமுறான். குடிகாரப் பய. யாரு அவன்?”

“ஏறிப் பாக்க வேண்டியதுதானே?”

“பாத்தா வெட்டிடுவேன்னு பயந்துதான் இங்க வந்தேன். என்னைக்கு ஒடுகத்தூர் போயி டச் போன் வாங்கினியோ, அன்னைக்கே வூடு கெட்டுச்சு. பாட்டு கேக்கணுமா உனக்கு?”

“அதுல ஒரு பாட்டுகூட இல்ல. வா.”

அவள் முன்னால் நடக்க, அவன் பின்னால் போனான். பரணில் ஆள் இல்லை. கம்பத்தில் அந்தப் போனும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் கட்டப்பட்டிருந்தன. “டேய், ஓடு! ஓடு!” என்ற அதட்டல் அதிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டது.

“போன தடவை வந்தப்ப நீ காட்டுப்பன்னி வெரட்டினியே, அந்தக் கொரல உனக்குத் தெரியாம இதுல புடிச்சு வெச்சேன். நான் தொண்ட கிழியக் கத்தினாலும் ஒண்ணும் நவுரல. அதுக்குத்தான் இந்தப் போனே வாங்கினேன்.”

சந்திரன் திகைத்தான். “இது என் கொரலா?”

“பன்னிக்கே தெரியுது, உனக்குத் தெரியலியா?” என்றாள் ஈஸ்வரி.