ஒரு ஆள்தான்

"எத்தனை பேரு?" என்கிறாள் வாசலில் நிற்கும் பணிப்பெண். "ஒரு ஆள்தான்" என்கிறாள் எரெந்திரா. புருஷன் ரமிரோ அவளை விட்டுப்போன இந்த மூன்று வாரத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. பணிப்பெண்ணின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அடுக்கிலிருந்து ஒரே ஒரு மெனு அட்டையை உருவிக்கொண்டு முன்னால் நடக்கிறாள். மெக்சிகோவில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் உணவகம் இது. புயெப்லா நகரத்தின் மதிய வெயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. எதிர்ச்சாரியில் சோலேயம்மாவின் சாப்பாட்டுக்கடை. பதினோரு வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியுமாய்ச் சாப்பிட்ட இடம். அங்கே போய் உட்கார்ந்தால் கேட்காமலே இரண்டு சூப் வரும். "எங்கடி உன் வீட்டுக்காரன்? அவனுக்குன்னு கோழிக்கால் எடுத்து வெச்சிருக்கேன்!" என்று அடுப்படியிலிருந்தே சோலேயம்மா கத்துவாள், எட்டு மேசையும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். இங்கே என்சிலாடா, குழம்பில் தோய்த்த சோள ரொட்டிச் சுருள், அட்டையில் இருக்கிற படம் மாதிரியே வருகிறது. சோலேயம்மாவின் கைமணத்தில் கால்வாசிகூட இல்லை. ஆனாலும் எரெந்திரா தட்டை வழித்துச் சாப்பிடுகிறாள். பக்கத்து மேசைப் பெரியவர் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, ஊர் வழக்கப்படி அவளைக் கடக்கும்போது "நல்லாச் சாப்பிடும்மா" என்கிறார். அவள் முள்கரண்டியை இறுகப் பிடித்தபடி 'வீட்டுக்காரர் எங்கே?' என்று அடுத்து கேட்பாரென்று காத்திருக்கிறாள். கதவு திறந்து மூடுகிறது. பெரியவர் போயே போய்விட்டார்.