மூணாவது லேட்

"இன்னொரு தடவை இப்படிப் பத்து நிமிஷம் லேட்டா வந்தா மூணாவது. பேரை அடிச்சிடுவேன் சார். ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அல்போன்சா மிஸ் போனை வைத்துவிட்டார்.

எட்டு மாதம் காத்திருந்து ஜெயராம் சாந்தோமில் இடம் வாங்கிய வயலின் கிளாஸ். அடுத்த மாதம் மகள் ஷ்ரேயாவுக்கு கிரேடு பரீட்சை வேறு.

லேட்டா? எப்படி? செவ்வாய் தவறாமல் நாலு ஐம்பதுக்கே கேட்டில் இறக்கிவிட்டுத்தானே போகிறார். கிளாஸ் ஐந்து மணிக்கு. இரண்டு மாடி ஏற இருபது நிமிஷமா?

பதிமூன்று வயசு. கையில் போன். யாரோடு பேசிக்கொண்டு நிற்கிறாள்?

அடுத்த செவ்வாய் வழக்கம்போல் இறக்கிவிட்டார். தெருமுனை வரை போனார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வயலின் பெட்டி, கையில் போன். நாலு ஐம்பத்தெட்டு. எழுந்திருக்கிற வழியாய்த் தெரியவில்லை.

"யாருக்குடி மெசேஜ்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருக்கும் இல்லப்பா. டைம்தான் பார்க்கறேன். மெதுவா பேசு."

"எந்திரி. போய் பெல்லை அடி."

"பத்து நிமிஷம்ப்பா, ப்ளீஸ்."

"பேர் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

தெரியுமாம்! மணி ஐந்து. அவரே போய் பெல்லை அழுத்தினார்.

உள்ளே தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருந்த வயலின் பாதியில் நின்றது.

கதவு திறந்தது. "அட, இன்னிக்குக் கரெக்ட் டைம்! ஹென்றி சார், அடுத்த ஸ்டூடண்ட் வந்தாச்சு. மீதியை வீட்டுல வாசிச்சுப் பாருங்க." மிஸ் ரெஜிஸ்டரை எடுக்க உள்ளே போனார்.

ஹாலில் எழுபது வயசுக்காரர் ஒருவர். "வந்துட்டியாம்மா? இதோ, கிளம்பிட்டேன்" என்று சிரித்தார். வயலின் வில்லைப் பெட்டிக்குள் வைக்க மூன்று தடவை முயன்றார். கை அப்படி நடுங்கியது.

ஜெயித்துவிட்ட முகத்தோடு ஜெயராம் மகளைப் பார்த்தார். அவள் கண் நிறைந்திருந்தது.

"இப்ப என்னடி?"

"அந்த அங்கிளுக்கு விரல் வழிக்கு வரவே அரை மணி ஆகும்ப்பா" என்று கிசுகிசுத்தாள். "கடைசியிலதான் ஒழுங்கா வரும். நான் பெல் அடிச்சா மிஸ் நிறுத்திடுவாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அவர் வைஃபுக்கு நினைவுப் பூசை. சர்ச்ல வாசிக்கணுமாம். படியில பார்க்கறப்ப சொன்னார். அந்தப் பாட்டை இன்னும் ஒரு தடவைகூட முழுசா முடிக்கலை. இன்னிக்குத்தான் கடைசி கிளாஸ்."

"மிஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அவருக்கும் தெரிஞ்சிடும். சின்னப் பொண்ணோட டைமைத் தின்னுட்டேனேன்னு வாசிக்கவே மாட்டார்ப்பா."

கதவில் ஒட்டியிருந்த விதிமுறைக் காகிதம் ஜெயராம் கண்ணில் பட்டது. நாலாவது விதி: நோட்டு இல்லாமல் கிளாஸ் கிடையாது. போய் எடுத்து வந்தால் அதுவும் லேட்.

சட்டென்று மகளின் பையிலிருந்து நோட்டை உருவித் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மிஸ் ரெஜிஸ்டரோடு திரும்பி வந்தார்.

"மிஸ், ஒரு தப்பு நடந்துபோச்சு. நோட்டை வண்டியிலேயே விட்டுட்டேன். தெருமுனை வரைக்கும் போகணும், பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் சாரை வாசிக்கச் சொல்லுங்களேன்."

மிஸ் பேனாவைத் திறந்தார். "அப்போ இது லேட் சார். மூணாவது."

"எழுதிக்குங்க" என்றார் ஜெயராம், சட்டையைப் பிடித்தபடி.