பெரியப்பாவின் தலைமுடி

“தூக்கிப் போடுடா இந்தச் சனியனை! கடைக்காரன் உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான்.”

காலையிலிருந்து அப்பாவுக்கு இதே பாட்டு. சாப்பாட்டு மேசையில் இரண்டு ஃபிலிம் ஸ்கேனர்கள் உட்கார்ந்திருந்தன. வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் ஒன்றைத் திருப்பித் தரலாம் என்று கடைக்காரரோடு பேச்சு.

ஒன்று மலிவு, படத்தைத் தூசியோடு அப்படியே காட்டும். மற்றது இரண்டு மடங்கு விலை. அதன் சாஃப்ட்வேர் ஃபிலிம் மேல் இருக்கிற தூசி, கீறல் எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துத் துடைத்துவிடும்.

மகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். பழைய ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் அடித்த புளித்த நாற்றம் பாதிக் காரணம். அப்பாவின் கஞ்சத்தனம் மீதி. அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு ஆல்பம், அதிலுமா பேரம்?

“மலிவானதே போதும். தூசியை நான் கையால துடைச்சுத் தரேன்.”

“இத்தனை வருஷமா துடைக்காததையாப்பா?”

விலை கூடினதில் கல்யாணப் படத்தை வைத்தான். கன்னத்து மச்சத்தோடு அம்மா திரையில் பளிச்சென்று வந்தாள். பக்கத்தில் நின்ற பெரியப்பாவைப் பார்த்ததும் நிஜ அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயையோ, உங்க அண்ணன் முடி எங்கேங்க?”

பெரியப்பாவின் தலை குடம் மாதிரி மின்னியது. அப்பா அந்தக் காலத்தில் வீட்டிலேயே படம் கழுவியவர். நெகட்டிவில் கீறின இடம் படத்தில் கறுப்பாக விழும். அண்ணன் கெஞ்சினார் என்று அதை ஊசியால் கீறிக் கீறி, வழுக்கையில் கருகருவென்று முடி நட்டிருந்தார். மெஷின் ஒரே இழுப்பில் மொட்டையடித்துவிட்டது.

“நல்லவேளை, என் மச்சத்தை விட்டுவச்சுது” என்று அம்மா சிரித்தாள். “அது இல்லேன்னா எனக்கும் என் தங்கச்சிக்கும் வித்தியாசம் தெரியாம உங்கப்பாவே முழிப்பார்.”

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “போதும், மூட்டை கட்டு.”

“சீ! அம்மாவுக்குச் செலவுன்னாதான்பா உங்களுக்குக் கை நடுங்குது.”

வேண்டுமென்றே அருவிப் படத்தை எடுத்தான். அப்பாவுக்கு உயிரான படம். சட்டம் போட்டுக் கூடத்திலேயே தொங்குகிறது.

“மச்சமும் புடவையும் என்னோடதுதான்” என்றாள் அம்மா, சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து, வழக்கம்போல. “அந்த அருவிக்குப் போனதுதான் இன்னிக்கு வரைக்கும் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது.”

“உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?” என்றார் அப்பா, அதுவும் வழக்கம்போல.

திரையில் அருவி வந்தது. புடவை வந்தது. முகம் வந்தது. மச்சம் வரவில்லை.

“பாத்தியா, மச்சத்தையே முழுங்கிடுச்சு!” அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “குப்பைடா! இப்பவே கொண்டுபோய் அவன் மூஞ்சியில எறி!”

மகனுக்கும் எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கடைக்காரரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுத்தான்.

அம்மா பெரியப்பாவின் வழுக்கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அருவியைப் பார்த்தாள். தன் கன்னத்து மச்சத்தைத் தொட்டுக்கொண்டு, தெருவில் சாக்கடைக்கு ஒதுங்குகிறவள் போல அப்பாவிடமிருந்து விலகி நின்றாள்.

“போனை வைடா. மெஷின்ல கோளாறு இல்லை. அது உன் சித்தி.”